ஓடைக்கரையில் யாரும் இல்லை

கோழியின் இறக்கையை விரித்து அடியில் ஊதிப் பார்க்கிறார் டிரெஸ்போர்டு கமலோண்டோ. பேன் இல்லை. நெஞ்செலும்பை விரலால் தடவுகிறார். "இது சோல்வேசி டவுன் கோழி சார், தீவனம் தின்னு ஊதினது. தலைவர் முன்னாடி இதை வச்சா, செம்பு தோண்ட வந்தீங்களா, கேலி பண்ண வந்தீங்களான்னு கேப்பாரு" என்கிறார். முதலீட்டோடு வந்த வெளிநாட்டு மேலாளர், குளுகுளு காரில் கொண்டுவந்த காணிக்கைக் கோழியோடு திரும்பி, நாட்டுக்கோழி தேடிப் போகிறார். தகுந்த கோழி கமலோண்டோவின் அக்கா வீட்டில் மட்டும்தான் கிடைக்கும்.

எங்கள் குலத்தலைவரின் அரண்மனைச் சேவகர் இவர். அரண்மனை என்றால் தகரக் கூரை போட்ட நாலு அறை. நான் அங்கே கூட்டக் குறிப்பு எழுதுகிறவன். பூமிக்கு அடியில் இருப்பதற்குத் தலைநகர் லுசாகாவில் உரிமம் கொடுத்துவிடுவார்கள்; பூமிக்கு மேலே கால் வைக்க எங்கள் தலைவர் சம்மதிக்க வேண்டும். சம்மதம் கேட்டு வருகிறவர்கள் தலைவரோடு நேரே பேசக்கூடாது. கமலோண்டோவிடம் சொன்னால் அவர் தலைவரிடம் சொல்வார். தலைவர் ஆங்கிலத்தில் சட்டம் படித்தவர், ஆறடி தூரத்தில் உட்கார்ந்திருக்கிறார், எல்லாம் காதில் விழுகிறது. அதனால் என்ன, வழக்கம் வழக்கம்தான்.

இவர் வாய்க்குள் போகும் பேச்சு இளைத்துத்தான் வெளியே வரும். ஒருமுறை ஒரு கனடாக்காரர் திரையில் படம் போட்டு முக்கால் மணி நேரம் விளக்கினார். இவர் தலைவர் பக்கம் திரும்பி, "குழி தோண்டப் போறாங்களாம்யா" என்றார். தலைவர் கால் மணி நேரம் பதில் சொன்னதை, "யோசிக்கிறாராம்" என்று இறக்கி வைத்தார். இது அநியாயம் என்று நான் முறையிட்டேன். "தம்பி, அவங்க பேசினதை இவருக்கும் இவர் பேசினதை அவங்களுக்கும் அப்படியே சொல்லியிருந்தா, நீ இப்போ குறிப்பு எழுத மாட்டே, போலீசுக்கு வாக்குமூலம் எழுதிக்கிட்டிருப்பே" என்றார்.

ஊருக்கு முதலீடு வந்த வரலாறு தெரிய வேண்டுமானால் அவர் வீட்டுத் துணிக்கொடியைப் பார்த்தால் போதும். வருகிற கம்பெனி எல்லாம் முதலில் பனியன் கொடுக்கும். செம்பு விலை விழுந்தால் கம்பெனி மூட்டை கட்டும், பனியன் இங்கேயே தங்கிவிடும். ஒன்றில் 'நூறாண்டு உறவு' என்று அச்சடித்திருக்கிறது. அந்தக் கம்பெனி பதினான்கு மாதம் இருந்தது. செங்கல் அறுக்கும்போது கமலோண்டோ போடுவது அதைத்தான்.

போன வறட்சிக் காலத்தில் வந்த கம்பெனி பனியனோடு நிற்கவில்லை. அவருக்கென்று ஒரு மஞ்சள் மேலங்கி கொடுத்து, சம்மதம் கிடைத்த மறுநாளே ஊர்த் தொடர்பு அலுவலர் வேலை, மோட்டார் சைக்கிள், மாதச் சம்பளம் என்றது. சேவகத்துக்குக் கிடைப்பதோ மரவள்ளி மாவும் மரியாதையும். ஐம்பத்தாறு வயதில் இப்படி ஒரு யோகம். மனிதர் அந்த மேலங்கியை மாதாகோயிலுக்குக்கூட மாட்டிக்கொண்டு போனார். நாங்கள் சிரித்தோம். எனக்கு உள்ளூரப் பயமாகவும் இருந்தது. கம்பெனியின் வரைபடத்தில், சுரங்கக் கழிவுக்கல் கொட்டும் இடமாக லுங்காலா ஓடைக்கரையைக் குறித்திருந்தார்கள். அங்கேதான் அவருடைய அக்கா லவ்னெஸ் உட்பட இருபத்து மூன்று குடும்பங்கள் சர்க்கரைவள்ளி போடுகின்றன. அந்த அம்மாளுக்குப் புருஷன் இல்லை. வேறு நிலமும் இல்லை.

கூட்டத்துக்கு முந்தின நாள் லவ்னெஸ் அரண்மனை வாசலிலேயே தம்பியை நிறுத்திவிட்டார்.

"மஞ்சச் சட்டை எடுப்பாத்தான் இருக்கு. நாளைக்கு என்ன சொல்லப்போறே?"

"அவர் சொல்றதைத்தான்க்கா சொல்லணும். என் வேலை அதுதானே."

"அப்போ என் தலையில கல்லைக் கொட்டறதுதான் உன் வேலைன்னு சொல்லு."

அவர் உள்ளே போய்விட்டார்.

மறுநாள் அந்தக் கம்பெனி மேலாளர் சிமெண்டுத் தரையில் மண்டியிட்டுப் பேசினார். பின்னால் ஊர் உட்கார்ந்திருந்தது. தலைவர் கேட்காமல் யாரும் வாய் திறக்க முடியாது. தலைவர் முன்னால் ஒரு இடத்தின் பெயர் சொல்லப்பட்டால் மட்டும், அந்த இடத்துக்காரர்கள் உள்ளங்கையைக் குவித்துத் தட்டி, இருக்கிறோம் என்று காட்ட வேண்டும். கமலோண்டோ வழக்கம்போலச் சுருக்கிக்கொண்டே வந்தார். கடைசியில் மேலாளர் வரைபடத்தில் விரலை வைத்து, இந்தக் கரை காலி நிலம், இங்கே யாரும் இல்லை என்றார்.

'கரையையும் கேக்கறாங்க' என்று மென்று முழுங்கியிருந்தால் மோட்டார் சைக்கிள் வீட்டு வாசலில் நின்றிருக்கும். கமலோண்டோ தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஐயா, லுங்காலா ஓடைக்கரையில யாருமே இல்லைன்னு இவர் சொல்றாரு. வீடு இல்ல, பயிர் இல்ல, ஆளே இல்லன்னு சொல்றாரு."

நான் குறிப்பு எழுதிய பதினோரு வருடத்தில் அவர் குறைக்காமல் சொன்ன ஒரே பேச்சு அது. பின்வரிசையில் லவ்னெஸ் கை குவித்துத் தட்டினார். பிறகு பக்கத்திலிருந்தவள், அவள் மாமியார், அடுத்த குடும்பம் என்று இருபத்து மூன்று வீடும், குழந்தைகள் உட்பட, "முவானே, முவானே" என்று எங்கள் மரியாதைச் சொல்லைப் பணிவாகச் சொல்லிக்கொண்டே தட்டியது. தனக்குத்தான் பாராட்டு என்று நினைத்த மேலாளர், திரும்பி எல்லோருக்கும் தலை வணங்கினார்.

தலைவர் வரைபடத்தைத் தன் பக்கம் இழுத்தார். "அங்கே இல்லாதவங்க பேரையெல்லாம் ஒண்ணுவிடாம எழுதிக்கோ" என்றார் என்னிடம்.

கமலோண்டோ மஞ்சள் மேலங்கியைக் கழற்றினார். நாலாக மடித்து, மேலாளரின் முழங்காலுக்கு அடியில் செருகி, "நேரம் ஆகும் சார்" என்றார்.