பிள்ளையாருக்கு நேர்ந்த இரண்டு தேங்காய்

துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தும், ஐம்பத்தைந்து வயது வரை எனக்கு நீந்தத் தெரியாது. சின்ன வயதில் அண்ணன்மார் உரிக்காத நெற்றுத் தேங்காய் இரண்டைக் கயிற்றால் பிணைத்து, நெஞ்சுக்குக் கீழே கொடுத்து நீந்திப் பழகினார்கள். நான் கரையில் அவர்கள் கழற்றி வைத்த சறங்களுக்குக் காவல். பெரியபிள்ளையானதும் அந்த உத்தியோகமும் பறிபோனது.

ஆயிரத்துத் தொளாயிரத்து எழுபதுகளின் நடுவில் பள்ளிக்கூட ஆசிரியை வேலையிலிருந்து ஓய்வு பெற்றேன். வீட்டில் நானும் அண்ணனின் மனைவியும்தான்; ஒருவரையொருவர் மச்சாள் என்றுதான் கூப்பிடுவோம். இருவரும் கணவனை இழந்தவர்கள். இனிச் சாய்மனைக் கதிரையும் கோயிலும் போதும் என்று உறவுகள் முடிவு கட்டிவிட்டார்கள். எனக்கோ, நீந்தாமலே செத்துப்போவேனோ என்ற ஒரே பயம். வாசலுக்கு மீன் கொண்டுவரும் அக்காவிடம் வெட்கத்தை விட்டுச் சொன்னேன். இலங்கைத்துறை என்ற கடலோர ஊரில் பிறந்தவர், என்னிலும் மூத்தவர், நன்றாக நீந்துவார்.

"ஏலாது எண்டு ஆர் சொன்னது, ரீச்சர்? நாளைக்கு விடிய ரெண்டு தேங்காயோட வாங்கோ."

மச்சாள் கொதித்துப் போனார். "உங்களுக்கென்ன விசரே? இந்த வயதில சேலையைக் களைஞ்சு குறுக்குக்கட்டோட கடலுக்கையோ? ஊர் என்ன கதைக்கும்!"

ஊர் கதைத்ததுதான். ஆனாலும் மச்சாள் ஏசிக்கொண்டே ஒவ்வொரு நாளும் பின்னால் வந்தார். இப்போது கரையில் என் சேலைக்குக் காவல் அவர்.

முதல் நாள் தண்ணீர் இடுப்புக்கு வந்ததும் அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டேன். "பிள்ளையாரே, தேங்காயை விட்டு நீந்தினால் இந்த இரண்டையும் உனக்கே உடைக்கிறேன்" என்று வாய்விட்டு நேர்ந்துகொண்டேன்.

மீன்கார அக்கா தலையில் அடித்துக்கொண்டார். "நேர்த்தி வைக்க உங்களுக்கு வேற தேங்காய் கிடைக்கேல்லையே?"

"நீந்தப் பழகின பிறகு எனக்கெதுக்கு இது?" என்றேன், பெரிய கெட்டிக்காரிபோல.

ஆறு கிழமை, நாற்பது நாளுக்கும் மேல், உப்புத் தண்ணீர் குடித்தேன். என் பருத்த உடம்பை நானே நொந்துகொண்டபோது அக்கா சிரித்தார். "வயது போன உடம்பு தானா மிதக்கும், ரீச்சர். மெலிஞ்ச குமரியள்தான் தாழுவினம்." அதுவரை அந்த உடம்புக்கு நான் ஒரு நன்றியும் சொன்னதில்லை. அன்று சொன்னேன்.

ஒரு காலையில் தேங்காயை அக்காவிடம் கொடுத்துவிட்டு, நங்கூரமிட்டிருந்த தோணி வரை நீந்தினேன். அதைத் தொட்டேன். திரும்பியும் வந்தேன். அக்காவைக் கட்டிப்பிடித்து அழுதேன். அறுபதைக் கடந்த அந்தக் கைகள் எனக்குத் தந்ததை வேறு யாரும் தந்ததில்லை.

வீட்டுக்கு வந்ததும் கோயிலுக்குக் கொண்டுபோகத் தேங்காயை உரிக்க எடுத்தேன். மச்சாள் குசினியில் அடுப்பை விட்டு வந்து அதை என் கையிலிருந்து வாங்கினார். வாங்கியவர் திருப்பித் தரவில்லை. கயிற்று முடிச்சை இழுத்து இழுத்துப் பார்த்தார்.

"மச்சாள்," என்றார் என் முகத்தைப் பாராமல், "பிள்ளையார் இன்னும் ஒரு ஆறு கிழமை பொறுப்பார்தானே?"