பித்தளைத் தகடு துலக்கியவர்

ஜெர்மனியின் கெல்சென்கிர்ச்சன் நகரில் எங்கள் வீட்டு வாசல் நடைபாதையில் மூன்று சிறு பித்தளைத் தகடுகள் பதித்திருக்கிறார்கள். நாஜிகள் அந்த வீட்டிலிருந்து பிடித்துக் கொண்டுபோன யூதக் குடும்பத்தின் பெயர்கள் அவற்றில் இருக்கின்றன. ஒரு சனிக்கிழமை காலை, நெடிய முதியவர் ஒருவர் தொப்பியைக் கழற்றித் தரையில் வைத்துவிட்டு, முழந்தாளிட்டு அவற்றைத் தேய்த்துக்கொண்டிருந்தார். கறுப்பு போகவே இல்லை. எனக்குக் கை துறுதுறுத்தது. மாடிக்கு ஓடி, குத்துவிளக்குத் துலக்கும் பழப்புளியோடு மூச்சிரைக்க இறங்கினேன்.

தேய்க்கத் தேய்க்கப் பெயர்கள் பளீரென்று எழுந்தன. இருவரும் சிரித்துவிட்டோம். நாங்கள் பேசியது ஜெர்மனில். எங்கள் ஊர்த் தமிழில் சொல்கிறேன்.

"உங்கடை சொந்தக்காரரோ?" என்று பெயர்களைக் காட்டிக் கேட்டேன்.

"இல்லை. நான் லிதுவேனியா ஆள். ஜெர்மன்காரர் அந்த நாட்டைப் பிடிச்சு வைச்சிருந்த காலத்திலை என்ரை அப்பா அவையின்ரை உள்ளூர்த் துணைப் பொலிஸ். வந்தவைக்கு எது யூதரின்ரை வீடு எண்டு தெரியாது. ஒவ்வொரு கதவாக் காட்டிக் குடுத்தது அப்பாதான்."

நான் கடைசித் தகட்டையும் துடைத்து முடித்தேன். அவர் எழுந்து தொப்பியை மாட்டிக்கொண்டு, "அடுத்தது மூலை வீடு. வாறீங்களோ?" என்றார். புளி உருண்டையோடு பின்னால் ஓடினேன். தெருத் தெருவாக ஏழு வாசல்களுக்குப் போனோம். எங்கேயும் அவர் தடுமாறவில்லை, ஃபோனைக்கூட எடுத்துப் பார்க்கவில்லை.

"விலாசம் எழுதின தாள் ஒண்டும் வேண்டாமோ?" என்று வியந்து கேட்டேன்.

அவர் குனிந்து தேய்த்தபடியே சொன்னார்: "அப்பாவுக்கும் தேவைப்படேல்லை."