பதினேழாம் தூண்

ஒரே வாக்கியத்தில் பத்தாயிரம் உயிர்களைக் காப்பாற்றியவள் நான். சரி, பத்தாயிரம் கொஞ்சம் தாராளம்தான். மைதானத்தின் கிழக்கு கேலரியில் எண்ணூறு பேருக்கு மேல் உட்கார முடியாது. ஆனாலும் அந்த எண்ணூறு பேரையும் ஒரு கீறல் இல்லாமல் கீழே இறக்கிய வாக்கியம் என்னுடையது. அதைச் சொல்ல வைத்தவர் என் கொழுந்தனார்.

முப்பத்தொரு வருடம் அந்த மைதானத்தில் புல் வெட்டினார், கோடு போட்டார், வலை கட்டினார். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் சின்னச் சுத்தியலோடு கேலரிக்கு அடியில் நுழைந்து, பலகைகளைத் தாங்கும் இரும்புத் தூண்களை ஒவ்வொன்றாகத் தட்டிக் காதை வைத்துக் கேட்பார். நல்ல தூண் ‘டங்’ என்னும். உள்ளே துரு தின்றது ‘தொம்’ என்னும். யாரும் அவரைச் செய்யச் சொன்னதில்லை. வீட்டிலும் பீரோ, தண்ணீர் டிரம், கதவு எதையும் விடமாட்டார். ஒருநாள் தூங்கிக்கொண்டிருந்த என் கணவரின் மண்டையைத் தட்டிப் பார்த்துவிட்டு, “அண்ணனுக்குத் தொம்முனுதான் கேக்குது அண்ணி” என்றார். ஊரே அவரை ‘டங்’ என்றுதான் கூப்பிடும்.

அந்த வருடம் ஆறு பெருகி, மைதானத்தில் ஒன்பது நாள் தண்ணீர் நின்றது. வீடிழந்தவர்களுக்காக நட்சத்திரக் கால்பந்து ஆட்டம் ஏற்பாடானது. ஒரு பக்கம் ஓய்வுபெற்ற வீரர்கள், மறுபக்கம் சினிமாக்காரர்கள். வெள்ளக் கறை தெரியக்கூடாதென்று தூண்களுக்கெல்லாம் நீலப் பெயிண்ட் அடித்தார்கள். ஆட்டத்தன்று மதியம் வரை, பெயிண்ட் காயவில்லை என்று கொழுந்தனாரைக் கேலரிக்கு அடியில் விடவில்லை. விட்டபிறகு கிழக்கிலிருந்து தொடங்கினார். பதினேழாம் தூண் ‘தொம்’ என்றது.

ஏற்பாட்டுக் குழுச் செயலாளரிடம் ஓடினார்.

“சார், கிழக்குப் பக்கத்த மூடிடலாம் சார்.”

“யோவ் டங், ஜனம் உள்ள வந்தாச்சு. தூணு பளபளன்னு இருக்கு, கண்ணு தெரியலையா?”

“கண்ணுக்கு நல்லாத்தான் சார் இருக்கு.”

“வீடு போனவங்க பள்ளிக்கூடத்துல படுத்திருக்காங்க. ஆட்டத்தக் கெடுத்துட்டு அவங்க மொகத்துல எப்படிய்யா முழிப்ப?”

அவர் சுத்தியலோடு கேலரிக்கு அடியிலேயே திரும்பிப் போனார். பள்ளிக்கூடத்தில் படுத்திருந்தவர்களில் அவரும் ஒருவர்.

நானும் அவர் மனைவியும் அவர் வாங்கித் தந்த பாஸில் அதே கிழக்கு கேலரியில்தான் உட்கார்ந்திருந்தோம். முதல் பாதி முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது, காலடிப் பலகை இடுக்கில் ஒரு முகம் தெரிந்தது. கொழுந்தனார். ஒரு கையால் தூணைப் பிடித்துக்கொண்டிருந்தார், குழந்தையைப் பிடித்திருப்பதுபோல.

“என்ன தம்பி, அங்கேருந்து ஆட்டம் தெரியுதா?”

“கோல் விழக்கூடாதுன்னு வேண்டிக்கிட்டிருக்கேன் அண்ணி.”

“யாரோட கோலு?”

“யாரோடதும். கோல் விழுந்தா எல்லாரும் குதிப்பாங்க. இந்தத் தூணு தாங்காது.”

அந்த நேரம் பார்த்து, கோல்கீப்பராக நின்ற நகைச்சுவை நடிகர் பந்தை விட்டுவிட்டுத் தன் கால்சட்டையைப் பிடித்தார். பந்து கம்பத்தில் பட்டு வெளியே போனது. எண்ணூறு பேரும் சிரித்துக் காலால் பலகையை உதைத்தார்கள். கீழே இரும்பு முனகியது. கொழுந்தனாரின் நரைத்த தலையில் நீலச் செதில்கள் உதிர்ந்தன.

“கத்துனா மிதிபட்டே செத்துருவாங்க. நீங்கதான் வாத்தியாரம்மாவாச்சே, எதையாவது சொல்லி எறக்குங்க.”

“எங்க அனுப்ப?”

தூணைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “மேற்குப் பக்கம்” என்றார்.

இடைவேளையில் மைக்செட்காரனைப் பிடித்தேன். என்னிடம் ஆறாம் வகுப்பில் காது திருகப்பட்டவன்; பேசாமல் மைக்கைக் கொடுத்தான். “கிழக்குப் பக்கம் இருப்பவர்கள் வரிசையாக மேற்குப் பக்கம் வந்தால், நட்சத்திரங்கள் எல்லோரும் கைகுலுக்குவார்கள்!” நட்சத்திரங்களுக்கே அது புதுச் செய்தி. கூட்டமோ பள்ளிப் பிள்ளைகளைப் போல ஒழுங்காக இறங்கி, மேற்கு கேலரியில் ஒருவர் மடியில் ஒருவராக நெருக்கியடித்து உட்கார்ந்தது. கடைசியாகக் கொழுந்தனாரும் தூணை விட்டு வெளியே வந்தார்.

இரண்டாம் பாதி, பதினோராம் நிமிடம். கோல். மேற்கு கேலரி மொத்தமும் எழுந்து குதித்தது. அந்த அதிர்வில் எதிரே, யாருமே இல்லாத கிழக்கு கேலரியில், பதினேழாம் தூண் மண்டியிட்டது. அதைத் தொடர்ந்து பக்கத்துத் தூண், அதற்கடுத்தது. பலகைகள் சரிந்து முடிய வெகுநேரம் ஆனது. அதன்பின் மைதானத்தில் யாரும் கைதட்டவில்லை.

இவ்வளவையும் எழுதி நேற்று கொழுந்தனாருக்கு வாசித்துக் காட்டினேன். நாற்காலிக் கையை விரலால் தட்டியபடி கேட்டார்.

“எல்லாம் சரி அண்ணி. ‘காப்பாத்துனேன்’ங்கிறத மட்டும் அடிச்சிருங்க.”

“ஏன்? ஒருத்தருக்காவது அடிபட்டுதா?”

“அன்னைக்குக் கிழக்கத் தட்டி முடிக்கவே நேரம் பத்தல. மேற்குப் பக்கம் நான் போகவே இல்ல. மறுநாள் காலைலதான் தட்டிப் பாத்தேன்.”

“பாத்து?”

விரல் நின்றது.

“மூணு தொம்மு, அண்ணி.”