டப்பாவுக்கு அடியில் இருந்த நோட்டு

பானுப்பிரியாவுக்கு ஊர் ஏழாயிரம்பண்ணை. அம்மா பட்டாசுக் கம்பெனியில் சரவெடி பின்னியவள். மகள் பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு, திருத்தங்கலில் ஓர் அச்சகத்தில் லேபிள் சரிபார்க்கும் வேலைக்குப் போனாள். பள்ளியில் படித்ததற்கு மேல் இங்கிலீஷ் அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஆனாலும் இங்கிலீஷ் லேபிளில் ஓரெழுத்து பிசகினாலும் கண்ணில் பட்டுவிடும். பொருள் தெரியாத சொல் வந்தால், அகராதியைப் புரட்டிப் பார்க்காமல் அன்றைக்குத் தூக்கம் வராது.

பக்கத்து மேசை சினேகாவுக்கும் அதே கிறுக்குத்தான். மத்தியானம் இருவரும் ஒருத்தி டப்பாவில் ஒருத்தி கைவைத்துச் சாப்பிட்டபடி, புதுச் சொற்களையும் பொருளையும் ஒரே நோட்டில் எழுதுவார்கள். ஒருநாள் லேபிள் எச்சரிக்கையில் ‘கோ ஆஃப்’ என்று வந்தது. வெடிப்பது என்று எழுதினார்கள். அது அதோடு விடவில்லை.

“கரண்டு போனாலும் அதானாம்டி,” என்றாள் சினேகா.

“அலாரம் அடிச்சாலும் அதான். ஒண்ணு அணையுது, ஒண்ணு அலறுது. ரெண்டுக்கும் எப்படிடி ஒரே பேரு வச்சாக?”

“பால் திரிஞ்சாலும் அதான். எங்க மாமியா கோவிச்சுக்கிட்டுக் கெளம்புனாலும் அதானாம். மறுநாளே திரும்பி வந்துருதே, அதுக்கு என்ன சொல்லுவாக?”

ஒரு பக்கம் நிறைந்து மறுபக்கம் போனது. மொத்தம் ஒன்பது பொருள். அதில் ஐந்து சினேகா தேடிப் பிடித்தவை, அவள் கையெழுத்திலேயே இருந்தன. நோட்டு மட்டும் பானுவிடம் இருந்தது.

வெளிநாட்டு ஆர்டர் கடிதங்களுக்குப் பதில் எழுத, மாடி அலுவலகத்துக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. பரீட்சை வைத்து எடுப்பதாகச் சொன்னார்கள்; இருவரும் பெயர் கொடுத்தார்கள். பரீட்சைக்கு முந்தின நாள் சினேகா கேட்டாள்.

“நோட்ட இன்னைக்கு மட்டும் குடுடி.”

“வீட்ல வச்சுட்டு வந்துட்டேனே.”

நோட்டு பானுவின் பையில், சாப்பாட்டு டப்பாவுக்கு அடியில் இருந்தது.

பரீட்சையில் வந்தவை பெரும்பாலும் நோட்டில் இருந்த சொற்கள். ‘கோ ஆஃப்’ எத்தனை பொருளில் வரும் என்றும் கேட்டிருந்தார்கள். பானு ஒன்பதையும் எழுதினாள். சினேகாவுக்குத் தான் கண்டுபிடித்ததிலேயே இரண்டு நினைவுக்கு வரவில்லை. வேலை பானுவுக்குக் கிடைத்ததும், காராச்சேவு வாங்கிவந்து எல்லோருக்கும் கொடுத்தவள் சினேகாதான்.

பானு மாடிக்குப் போன பிறகும் மத்தியானச் சாப்பாடு கீழேதான். சினேகா மீன் கொண்டுவந்தால் நடுத்துண்டு பானுவுக்கு. பானு அதில் பாதியைத் திருப்பி சினேகா டப்பாவிலேயே வைப்பாள். எட்டு மாதம் இப்படியே போனது.

மாடிக்கு இன்னோர் ஆள் வேண்டும் என்று மேலாளர் ஞானசுந்தரி கேட்டபோது, பானு உடனே சினேகா பெயரைச் சொன்னாள். சொல்லியும் மனம் ஆறவில்லை. மறுநாள் மத்தியானம் நோட்டை எடுத்து சினேகா முன்னால் வைத்தாள்.

“அன்னைக்கு இது பைக்குள்ளதான் இருந்துச்சு. குடுக்க மனசு வரல.”

சினேகா நோட்டைப் புரட்டினாள். தன் கையெழுத்து இருந்த இடத்தில் விரல் நின்றது.

“நான் முந்திருவேன்னு பயந்தியோ?”

“ஆமா.”

“மேல எடத்துக்குப் பரீட்சை என்னைக்காம்?”

“புதன்கெழம.”

சினேகா நோட்டைத் தன் பைக்குள் வைத்தாள். பானு டப்பாவைத் திறந்து, வெண்டைக்காய்ப் பொரியலை அவள் பக்கம் தள்ளினாள். சினேகா அதைத் தொடாமல், தன் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, குனிந்து சாப்பிடத் தொடங்கினாள்.