நலங்கு மஞ்சளோடு போட்ட ரிவர்ஸ் லைட்

மூன்று வருடத்துக்கு முந்தி ஒரு வைகாசி மாதம். தெஹியோவிட்டவுக்கு மேலே இருக்கும் ஒரு ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடான எங்கள் லயத்து வாசலில் நடந்தது இது. மறுநாள் விடிந்தால் என் நாத்தனாருக்குக் கல்யாணம்.

நாத்தனார் என்றால் என் வீட்டுக்காரரின் ஒரே தங்கச்சி. நான் கஹவத்தைப் பக்கத்திலிருந்து வாக்கப்பட்டு வந்தபோது அவள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். ஓ.எல். பரீட்சை முடித்ததும் கூடப் படித்த பிள்ளைகள் எல்லாம் கார்மென்ட் தொழிற்சாலைக்கும் கொழும்புக் கடைகளுக்கும் போக, இவள் மட்டும் வாகனங்களுக்கு வயரிங் செய்யப் படிக்கப் போகிறேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள். படித்தும் முடித்தாள். டவுனில் ஒரு சிங்கள பாஸின், அதாவது மெக்கானிக் மேஸ்திரியின், கராஜில் வேலையும் கிடைத்தது. வாய் கொஞ்சம் நீளம். எனக்கும் அவளுக்கும் வாக்குவாதம் இல்லாமல் ஒரு நாள் பொழுது போனதில்லை. ஆனால் வேலை என்று இறங்கிவிட்டால் அவளைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம், அப்படி ஒரு சுத்தம்.

மாப்பிள்ளை வீடு யட்டியாந்தோட்டைப் பக்கம். கல்யாணம் பேசி முடித்த அன்று அவர்கள் சீர், நகை என்று எதுவும் கேட்கவில்லை. ஒரே ஒரு விஷயம்தான் சொன்னார்கள்.

"பிள்ளைய எங்களுக்குப் புடிச்சிருக்குங்க. ஆனா கல்யாணத்துக்குப் பொறகு கராஜ் வேலை வேணாம். ஆம்பளைங்க மத்தியில காருக்கு அடியில படுத்துக் கெடக்குறது நம்ம சனத்துக்குச் சரி வராது."

சொன்னது மாப்பிள்ளையின் அம்மா. மாப்பிள்ளை நல்ல பையன். அம்மா பேசும்போது வாயைத் திறக்காத நல்ல பையன். என் மாமனாரும் யோசிக்காமல் "சரிங்க" என்று தலையாட்டிவிட்டார். அவள் மட்டும் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. கராஜில் கல்யாணத்துக்கு லீவு போட்டுவிட்டு வந்தாள். வேலையை விடப் போகிறேன் என்று பாஸிடம் சொன்னாயா என்று நான் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவாள். தன் ஆயுதப் பையைத் திறந்து, துடைத்த ஸ்பேனரையே மறுபடியும் துடைத்துக்கொண்டிருப்பாள். வீட்டுக்கு வந்த மருமகள் நான், மாமனார் கொடுத்த வாக்கில் என்ன பேச முடியும்?

இனி கார் கதைக்கு வருகிறேன். என் வீட்டுக்காரரிடம் ஒரு பழைய மொரிஸ் மைனர் கார் இருக்கிறது. என்னைவிட வயதில் மூத்தது. தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு கிளார்க்கர் ஐயா கொடுத்துவிட்டுப் போனது. மனுஷன் என்னைக் கவனிப்பதைவிட அதைத்தான் நன்றாகக் கவனிப்பார். தங்கச்சி தன் காரில்தான் கோயிலுக்குப் போக வேண்டும் என்று அவர் பிடிவாதம் பிடித்தார். நியாயமும் இருந்தது. எங்கள் லயத்துக்கு ஏறும் பாதை அவ்வளவு ஒடுக்கம், கல்யாணத்துக்கு எடுக்கும் பெரிய வேன்கள் எதுவும் மேலே வராது.

அந்தப் பாதையில் வண்டியைத் திருப்பவும் இடமில்லை. ஒரு பக்கம் தண்ணீர் போகும் கான், மறுபக்கம் ரப்பர் மரச் சரிவு. நேராக மேலே வந்தால் இறங்கும்போது பின்னுக்கேதான் இறங்க வேண்டும். காரில் ரிவர்ஸ் லைட் கிடையாது. அந்தக் காலத்தில் அதெல்லாம் வைக்கவில்லை போலிருக்கிறது. அதனால் யாராவது ஒருவர் பின்னால் நடந்துகொண்டே டிக்கியைத் தட்டுவோம். தட்டிக்கொண்டே இருந்தால் வரலாம், தட்டு நின்றால் வண்டியும் நிற்க வேண்டும். எங்கள் லயத்தில் சின்னவர் பெரியவர் எல்லாருக்கும் இந்தத் தட்டு தெரியும். வெளிச்சத்தில் அது போதும். போன மழைக்காலத்தில் ஒரு விடியற்காலை, தட்டியவர் தட்டிக்கொண்டிருக்கும்போதே பின்சக்கரம் கானுக்குள் இறங்கிவிட்டது. இருட்டில் அவருக்கும் கான் தெரியவில்லை.

கல்யாணத்துக்கு முதல் நாள் காலை அவளுக்கு நலங்கு வைத்தோம். எங்கள் பக்கத்து வழக்கம், நலங்கு மஞ்சள் பூசிவிட்டால் பெண் வாசல் தாண்டக் கூடாது. அடுத்த நாள் கல்யாணத்துக்குத்தான் வெளியே இறங்க வேண்டும். மஞ்சள் காய்வதற்குள் மாப்பிள்ளை வீட்டிலிருந்து போன் வந்தது. பெண்ணை ஏற்றிக்கொண்டு வண்டி பின்னுக்குப் போகக் கூடாது, முதல் பயணம் முன்னுக்கே போக வேண்டும் என்று மாப்பிள்ளையின் அம்மா சொல்லி அனுப்பியிருந்தார்.

வீட்டில் எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். விடியுமுன் வயசானவர்களையும் சாமான்களையும் கோயிலில் இறக்கிவிட்டுத்தான் கார் பெண்ணுக்காகத் திரும்பி வரும். அப்படியென்றால் விடியற்காலை இருட்டில், வெறும் காரை அடியிலிருந்து லயம் வரைக்கும் பின்னுக்கே ஏற்ற வேண்டும். மழையும் விட்டபாடில்லை. கார் கானுக்குள் விழுந்தால் முகூர்த்தம் தப்பிவிடும்.

"ரிவர்ஸ் லைட் போட்டுட்டா சரி," என்றாள் அவள், மஞ்சள் முகத்தோடு சுவரில் சாய்ந்துகொண்டு.

"யாரு போடுறது?" என்று அண்ணன்காரர் கேட்டார்.

அவள் போனை எடுத்து பாஸிடம் சிங்களத்தில் என்னென்னவோ கேட்டாள். "ஹரி, ஹரி", சரி சரி என்று சொல்லி வைத்தாள். என் வீட்டுக்காரர் டவுனுக்கு ஓடி, அந்த பாஸ் கல்யாணப் பரிசு என்று கொடுத்துவிட்ட வட்டமான லைட்டையும், ஒரு சின்ன சுவிட்சையும், வயரையும் வாங்கி வந்தார். வழக்கமும் கெடக் கூடாதல்லவா, அதனால் காரைப் பகல் வெளிச்சத்தில் தட்டித் தட்டிப் பின்னுக்கு ஏற்றி, எங்கள் இஸ்தோப்பு, அதாவது முன்திண்ணை விளிம்பை டிக்கி தொடுகிற மாதிரி நிறுத்தினார். அவள் வாசல் தாண்டவில்லை. இஸ்தோப்புத் தரையிலேயே குப்புறப் படுத்து, தலையையும் கையையும் மட்டும் வெளியே நீட்டி பம்பருக்கு அடியில் வேலையை ஆரம்பித்தாள். தலையில் துவாய் கட்டு, வாயில் கறுப்பு டேப், முழங்கை வரைக்கும் மஞ்சள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

சிரித்ததற்குத் தண்டனை கிடைத்தது. சுவிட்ச் போட வேண்டியது காருக்குள்ளே, கியர் கம்பிக்குப் பக்கத்தில். அவள் அங்கே வர முடியாது. என் வீட்டுக்காரரின் கை அந்த இடுக்குக்குள் போகவில்லை.

"அண்ணி, உங்க கைதான் சின்னது. ஏறுங்க."

"ஏய், நான் பலகாரத்துக்கு மாவு பெசையணும்."

"பலகாரம் காரை மேல ஏத்தாது. ஏறுங்க."

அந்தக் காரில் முன் சீட்டில் உட்கார்ந்து ஊர் சுற்றியிருக்கிறேனே தவிர, அதன் வயிற்றுக்குள் நான் கை வைத்தது அன்றுதான். அவள் பின்னாலிருந்தே கண்ணால் பார்ப்பதுபோலச் சொல்லிக்கொண்டு வந்தாள். கியர் கம்பியைச் சுற்றி இருக்கும் ரப்பரைத் தூக்கச் சொன்னாள். ஒரு தகரத் துண்டை வளைத்து அதில் சுவிட்சை முடுக்கித் தந்திருந்தாள், அதை எங்கே வைக்க வேண்டும் என்றாள். ரிவர்ஸ் போடும்போது கம்பி வந்து அந்தச் சுவிட்சை அழுத்த வேண்டும், அழுத்தினால் பின்னால் லைட் எரிய வேண்டும், கம்பி விலகினால் அணைய வேண்டும். அவ்வளவுதான் விஷயம். கேட்க இலேசு, செய்து பார்த்தால்தான் தெரியும். இரண்டு முறை ஸ்குரூ கீழே விழுந்தது. அவள் ஒரு முறைகூடச் சலித்துக்கொள்ளவில்லை. வாக்குவாதத்துக்கு அலைகிற அதே பிள்ளையா இது என்று ஆச்சரியமாக இருந்தது.

அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளை வீட்டார் வந்துவிட்டார்கள். கூறைப் புடவைத் தட்டோடு சாயந்திரம் வருவதாகச் சொன்னவர்கள், மழைக்குப் பயந்து மத்தியானமே கிளம்பியிருக்கிறார்கள். வேனைக் கீழே விட்டுவிட்டு, மாப்பிள்ளையின் அம்மாவும் கூட இரண்டு பெண்களும் குடை பிடித்து ஏறி வந்தார்கள்.

கல்யாணப் பெண் மஞ்சளும் கரியுமாக, காருக்கு அடியில் தலையை விட்டுக்கொண்டு படுத்திருக்கிறாள். என் மாமியார் வாயில் கை வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். மாமனாருக்கு முகமே செத்துவிட்டது.

"அது... சும்மா பாத்துக்கிட்டு இருக்குதுங்க," என்று இழுத்தார்.

எழுந்து உள்ளே ஓடு, ஓடு என்று நான் காருக்குள்ளிருந்து மனசுக்குள் கத்துகிறேன். அவள் தலையை மட்டும் நிமிர்த்தினாள். வாயிலிருந்த டேப்பை எடுத்தாள்.

"வாங்க அத்தை. சும்மா பாக்கலிங்க, நாந்தான் லைட் போடுறேன். பின்னுக்குப் போகக் கூடாதுன்னு சொல்லி அனுப்புனீங்கல்ல, காலையில காரை இருட்டுல பின்னுக்குத்தான் ஏத்தணும். கையை எடுத்தா இந்த வயர் கழண்டுரும். இதை முடிச்சுட்டு வந்துர்றேன். கோவிச்சுக்காதீங்க."

மரியாதையில் ஒரு குறையும் இல்லை. பயமும் இல்லை. அந்த அம்மா குடையை மடக்கி ஓரமாக வைத்தார். இஸ்தோப்பில் உட்கார்ந்து அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். தட்டு அவர் மடியிலேயே இருந்தது.

"அண்ணி, ரிவர்ஸ் போடுங்க," என்றாள்.

போட்டேன். லைட் எரியவில்லை. மறுபடியும் போட்டேன். எரியவில்லை. வந்த பெண்களில் ஒருத்தி தொண்டையைக் கனைத்தாள். நான்தான் எதையோ தப்பாக மாட்டிவிட்டேன் என்று நினைத்தேன். அவள் பதறவில்லை. சோதிக்கும் பல்பை வைத்துப் பார்த்தாள்.

"நீங்க சரியாத்தான் போட்டிருக்கீங்க அண்ணி. கரண்ட் வருது. எர்த்துதான் புடிக்கல. பெயின்டு மேல பெயின்டா அடிச்சு வச்சிருக்கு, அடியில தகரத்தைத் தொட்டாத்தான் எரியும்."

ஸ்குரூ டிரைவரால் சுரண்டிப் பார்த்தாள். பழைய தகரம், அழுத்தினால் ஓட்டை விழுகிற மாதிரி இருந்தது. கையை எடுத்துவிட்டு யோசித்தாள். அப்போதுதான் அந்த அம்மா எழுந்தார். தட்டைப் பக்கத்தில் இருந்த பெண்ணிடம் கொடுத்தார். எங்கள் கூரை இறவாரத்தில் என் மாமியாரின் பால் வெட்டும் கத்தி செருகியிருந்தது. அதை உருவினார்.

"தள்ளிக்க. எந்த எடம்?"

காலமெல்லாம் ரப்பர் மரத்தில் பால் வெட்டிய கை அது. மரத்துக்குக் காயம் படாமல் பட்டையை மட்டும் சீவுகிற கை. பட்டுச்சேலையோடு மண்டியிட்டு, அவள் விரல் காட்டிய இடத்தில் பெயின்டை மெல்லிசாகச் சுருள் சுருளாக எடுத்தார். அடியில் தகரம் பளிச்சென்று தெரிந்தது, ஒரு கீறல் இல்லை. இவள் வயரை வைத்து முடுக்கினாள். என்னைப் பார்த்துத் தலையசைத்தாள். நான் கியரைப் போட்டேன். எங்கள் வாசல் சுவர் முழுக்க வெள்ளை வெளிச்சம் விழுந்தது.

லயமே கைதட்டியது. அந்த அம்மா மட்டும் சிரிக்கவுமில்லை, ஒன்றும் சொல்லவுமில்லை. கத்தியை இருந்த இடத்தில் செருகினார், கையைக் கழுவினார், புடவைத் தட்டைக் கொடுத்தார், தேத்தண்ணி குடித்தார், போய்விட்டார். நல்லதா கெட்டதா என்று எங்களுக்கு விளங்கவே இல்லை. அவர்கள் தலை மறைந்ததும் மாமனார் குதித்தார், மானம் போய்விட்டது என்றார். அவள் ஆயுதங்களை ஒவ்வொன்றாகப் பையில் வைத்தாள். கடைசியாக அவற்றைத் தொடுகிற மாதிரி எனக்குப் பட்டது.

விடியற்காலை தூறலில், அந்த வெளிச்சத்தில் கானும் கல்லும் தெரிய, கார் பின்னுக்கே ஏறி வாசலில் வந்து நின்றது. யாரும் தட்ட வேண்டியிருக்கவில்லை. பெண்ணை ஏற்றிக்கொண்டு முன்னுக்கே போனோம். நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

கோயில் வாசலில் மாப்பிள்ளை வீட்டுச் சனம் கூடி நின்றது. மாப்பிள்ளையின் அம்மா முன்னால் வந்தார். வந்தவர் எங்கள் கதவுக்கு வராமல் நேரே காரின் பின்பக்கம் போனார்.

"தம்பி, ரிவர்ஸ் போடுங்க."

என் வீட்டுக்காரர் பயந்துவிட்டார். "பொண்ணு உள்ள இருக்குதுங்களே, பின்னுக்குப் போகக் கூடாதுன்னு நீங்கதானுங்களே..."

"வண்டிய எடுக்காதீங்க. கியர மட்டும் போடுங்க."

போட்டார். பின்னால் வெளிச்சம் வந்தது. அந்த அம்மா தன் அக்கா தங்கச்சிகளைக் கைகாட்டிக் கூப்பிட்டது உள்ளே எங்களுக்கு நன்றாகவே கேட்டது.

"இங்க வந்து பாருங்க. இது எங்க மருமக போட்டது. நேத்து என் கண்ணு முன்னாலதான் போட்டுச்சு. லீவு முடிஞ்சதும் கராஜுக்குப் போயிரும். உங்க வேன்ல லைட்டு கிட்டு வேலை செய்யலன்னா அங்க கொண்டு போய்க் காட்டுங்க."

குனிந்த தலை நிமிராமல் இருக்க வேண்டிய கல்யாணப் பெண் சட்டென்று நிமிர்ந்துவிட்டாள். எனக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. "அண்ணி, மை கரையுது, பேய் மாதிரி இருக்கீங்க," என்று சொல்லிக்கொண்டே அவளும் அழுதாள்.

இன்றும் அவள் அதே கராஜில்தான் வேலை செய்கிறாள், யட்டியாந்தோட்டையிலிருந்து பஸ் ஏறி வருகிறாள். யாரும் பார்த்துவிடக் கூடாது என்று நாங்கள் எல்லாரும் நடுங்கிய வேலையிலிருந்து அவள் மட்டும் கையை எடுக்கவில்லையே, அந்தத் தைரியத்தை நினைக்கும்போதெல்லாம், இவள் என் நாத்தனார் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொள்ள எனக்கு ஆசையாக இருக்கிறது.