செக்கர் பாக்கியராஜ் பார்க்காத ஆட்டங்கள்

விடிவெள்ளி கால்பந்துக் கழகம் தோற்றுக்கொண்டே இருந்த காலத்தில் திண்டுக்கல்லில் அதற்கு ரசிகர்களுக்குப் பஞ்சமே இல்லை. தொண்ணூறுகளில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மைதானத்துச் சிமெண்டுப் படிகளில் இடம் வேண்டுமென்றால் வெயில் தாழும் முன்பே போய்த் துண்டு போட்டாக வேண்டும். மூன்று கோல் வாங்கினால் பையன்கள் பரவாயில்லை என்பார்கள். ஐந்து வாங்கினால் அடுத்த ஞாயிறு வரை டீக்கடைகளுக்குப் பேச்சு கிடைக்கும். அணி ஜெயிக்கத் தொடங்கிய பிறகுதான் படிகள் காலியாயின.

ஊரில் இதற்கு மூன்று காரணம் சொன்னார்கள். கேபிள் டிவி, கிரிக்கெட், வெயில். தோற்ற காலத்திலும் இம்மூன்றும் ஊரில் இருந்தன என்பது மட்டும் யாருக்கும் உறைக்கவில்லை. உண்மைக் காரணம் தெரிய வேண்டுமானால் பாக்கியராஜைத் தெரிந்திருக்க வேண்டும்.

பாக்கியராஜ் தனியார் பேருந்துக் கம்பெனி ஒன்றில் செக்கர். டிக்கெட் எடுக்காதவனைப் பின்மண்டையைப் பார்த்தே கண்டுபிடிப்பார் என்று பெயர். பேருந்தின் முன்படியில் நின்று அவர் "டிக்கெட்" என்றால் கடைசி சீட்டில் தூங்குகிறவன் சட்டைப் பையைத் தடவுவான். அந்தக் குரலை ஞாயிறுதோறும் விடிவெள்ளிக்குக் காணிக்கையாக்கி வந்தார். தம் திருமணத்தன்று மாலைகூட, மணப்பெண் கிளாராவை மாலையோடு போட்டோ ஸ்டூடியோவில் உட்கார வைத்துவிட்டு முதல் பாதி ஆட்டத்தைப் பார்த்துவிட்டு வந்தவர். "அன்னைக்கும் தோத்துட்டுத்தான வந்தீங்க" என்று கிளாரா இன்றும் சொல்வாள்.

மகன் பிராங்க்ளின் வளர்ந்து விடிவெள்ளிக்கே கோல்கீப்பரானான். முதல் ஆட்டம். அப்பா படிகளில் நின்று தொண்டை கிழியக் கத்தினார். மகன் இரண்டு கோல் விட்டான். அடுத்த ஞாயிறு மாம்பழ சீசன் என்று நத்தத்துக்கு விட்ட கூடுதல் பேருந்துகளில் பாக்கியராஜுக்கு வேலை விழுந்தது. அவர் போகாத அந்த ஆட்டத்தில் விடிவெள்ளி ஜெயித்தது. அதற்கடுத்த வாரம் காய்ச்சல். மறுபடி ஜெயம். மூன்றாவது வாரம் போனார். அவர் படியில் உட்கார்ந்து மூச்சு வாங்குவதற்குள் எதிரணி கோல் போட்டது. சத்தமில்லாமல் எழுந்து வெளியே வந்து, நேராக வீட்டுக்குப் போனார். இரவு பிராங்க்ளின் வெற்றியோடு வந்தான். அப்பா கோலைப் பார்த்துவிட்டு எழுந்துபோனது மட்டும் அவன் கண்ணில் பட்டிருந்தது.

பூனை குறுக்கே போனால் திரும்பி வருகிறவர்களைப் பார்த்து வாய்விட்டுச் சிரிக்கிறவர் பாக்கியராஜ். பகுத்தறிவு உள்ளவர் என்பதால்தான் அவருக்கு ஆதாரம் தேவைப்பட்டது. கிடைத்துவிட்டது. அன்றே சவேரியார் சுரூபத்தின் முன் நின்று, இனி விடிவெள்ளியின் ஆட்டத்தைக் கண்ணால் பார்ப்பதில்லை என்று நேர்ந்துகொண்டார். நேர்ச்சையை வெளியே சொன்னால் பலிக்காது. எனவே கிளாராவிடமும் சொல்லவில்லை.

அணி ஜெயித்தது. மாவட்டப் போட்டியில் ஜெயித்தது, வெளியூரில் ஜெயித்தது, எவனோ சுழல்கோப்பை வைத்தான் என்றால் அதையும் எடுத்துக்கொண்டு வந்தது. ஒவ்வொரு வெற்றிக்கும் பாக்கியராஜ் பேருந்தில் ஏதோ ஒரு ஊருக்குப் போய்க்கொண்டிருந்தார். வெற்றியில் தம் பங்கு இவ்வளவு என்று சொல்ல முடியாத பெருமை பெரிய உபத்திரவம். அதைவிடப் பெரிய உபத்திரவம் வீட்டில் இருந்தது. பிராங்க்ளின் அப்பாவிடம் ஆட்டத்தைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டான்.

இறுதிப் போட்டி உள்ளூரிலேயே நடக்கப்போவதாகச் செய்தி வந்த இரவு, சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் தட்டைப் பார்த்தபடியே சொன்னான்.

"நீங்க கடைசியா வந்தன்னைக்கி ஒரு கோல் விட்டேன். எந்திரிச்சுப் போனீங்க. அதுக்கப்பறம் எத்தனையோ பிடிச்சுட்டேன். பைனலுக்குப் போயி, அதுக்கும் நீங்க வரலைன்னா, எம் மேல உங்களுக்கு வெக்கம்னு முடிவு பண்ணிக்கிறேன்."

பாக்கியராஜ் சோற்றைப் பிசைந்தபடி கணக்குப் போட்டார். உண்மையைச் சொன்னால் அணி போச்சு. சொல்லாவிட்டால் மகன் போனான். கிளாரா இன்னொரு கரண்டி வெஞ்சனத்தை வைத்துவிட்டு, இந்த மனிதர் பேருந்தில் கத்துகிற கத்தலில் கால்வாசி வீட்டில் பேசினால் தேவலை என்று பொதுவாகச் சொன்னாள். பாக்கியராஜ் "வாரேன்" என்றார். எப்படி வருவது என்று அவருக்கே தெரியாது.

அடுத்த ஞாயிறு அரையிறுதி. வழக்கம்போல ஆட்ட நேரத்துக்குக் குஜிலியம்பாறை வண்டியைக் கேட்டு வாங்கிக்கொண்டு ஏறினார். பாதி வழியில் டிக்கெட் பார்த்துக்கொண்டே வந்தபோது ஜன்னலோரம் வெங்காய மண்டிக் கருப்பணன். பழைய நாளில் படிகளில் இவருக்குப் பக்கத்து இடம். குஜிலியம்பாறையில் என்ன சோலி என்று கேட்டதற்கு, சும்மா என்றார். சும்மா ஒருவன் குஜிலியம்பாறைக்குப் போக மாட்டான் என்பது செக்கருக்குத் தெரியும். பின்னால் படிகளின் இன்னொரு பழைய ஆள், மைக் செட் முகமது பாரூக், பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டிருந்தார். அந்த ஊருக்கு அவரும் சும்மாதான் டிக்கெட் எடுத்திருந்தார்.

"பாய், பேப்பர் தலைகீழா இருக்கு" என்றார் பாக்கியராஜ்.

குஜிலியம்பாறை டீக்கடையில் மூவரும் நின்றார்கள். பாரூக்தான் முதலில் உடைந்தார். தான் மைதானத்தில் கால் வைத்தால் அணி தோற்கும் என்று கண்டுபிடித்து வருடங்கள் ஆகின்றனவாம். மைதானத்துக்கு எவ்வளவு தூரமோ அவ்வளவு நல்லது என்பதால் ஆட்ட நேரத்துக்குப் பேருந்து ஏறிவிடுவதாகச் சொன்னார். கருப்பணன் டம்ளரை வைத்துவிட்டு, அது தன் ராசி, பாய்க்கு அதில் சம்பந்தமில்லை என்றார். பாக்கியராஜுக்குக் கோபமே வந்துவிட்டது. இத்தனை வருடம் மகனின் முகத்தைப் பார்க்க முடியாமல் தாம் சுமந்த துரதிர்ஷ்டத்தில் பங்கு கேட்க இவர்கள் யார்? யாருடைய ராசி அதிகம் கெட்டது என்று மூவரும் நெடுநேரம் வாதாடினார்கள். ஒருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. திரும்பும்போது அரையிறுதியில் விடிவெள்ளி வென்ற செய்தி வந்தது. மூவரும் தனித்தனியே சந்தோஷப்பட்டார்கள்.

வடமதுரையைத் தாண்டும்போது பாக்கியராஜ், இனி மறைத்து என்ன என்று, சவேரியாரிடம் நேர்ந்துகொண்டதையும் மகன் சொன்னதையும் மெல்லச் சொன்னார். பாரூக் பேப்பரை மடித்து வைத்தார்.

"ராசி ஆளுல இல்ல அண்ணே, கண்ணுல இருக்கு. நீங்க என்னன்னு நேந்தீங்க, போகமாட்டேன்னா, பாக்கமாட்டேன்னா?"

"பாக்கமாட்டேன்னு."

"அப்பறம் என்ன? போவோம். பாக்க வேணாம்."

அந்த வாரம் மூவரும் பழைய ஆட்களைத் தேடித் தேடி விசாரித்தார்கள். படிகளை நிறைத்த கூட்டத்தில் ஏறக்குறைய எல்லாரும் இதே குற்றவாளிகளாக இருந்தார்கள். அணி மேல் கொண்ட பிரியத்தால்தான் ஊர் அணியைக் கைவிட்டிருந்தது.

கரூர் அணியோடு இறுதிப் போட்டி நடந்த அன்று படிகள் நிறைந்தன. நடுவர் விசில் ஊதியதும் அத்தனை பேரும் எழுந்து, மைதானத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்தார்கள். இது ஏதோ போராட்டம் என்று நினைத்துக் கமிட்டிக்காரர் ஒருவர் ஓடிவந்து கோரிக்கை என்ன என்று கேட்டார். கோரிக்கை ஒன்றும் இல்லை, நீங்கள் ஆட்டத்தை நடத்துங்கள் என்று பாரூக் பணிவாக அனுப்பி வைத்தார்.

மேல்படியில் அவித்த கடலைக் கூடையோடு பேச்சாயி உட்கார்ந்திருந்தாள். மைதானத்தைப் பார்த்து உட்கார்ந்திருந்தது அந்தப் பக்கம் அவள் ஒருத்திதான். கால்பந்தைப் பற்றி அவளுக்குத் தெரிந்தது, அதைக் காலால் உதைப்பார்கள் என்பது மட்டும். ஆனால் வேறு கண் இல்லை. ஆளுக்கொரு பொட்டலம் வாங்கிக்கொண்டு அவளைக் கேட்டார்கள்.

"என்ன ஆச்சு ஆத்தா?"

"ஒருத்தன் விழுந்து கெடக்கான்."

"எந்தச் சட்டை?"

"அழுக்குச் சட்டை."

இடைவேளைக்கு முன் விடிவெள்ளி ஒரு கோல் போட்டது. பேச்சாயி அதை, எல்லாவனும் ஒருத்தன் மேல் ஒருத்தன் படுத்துக் கிடப்பதாக வருணித்ததிலிருந்து அனுமானித்துக்கொண்டார்கள். யார் கோல் என்பது, எதிரே கரூர்க்காரர்கள் சத்தம் போடாததிலிருந்து தெரிந்தது.

இரண்டாம் பாதியில் பிராங்க்ளின் காக்கிற கோல் இந்தப் பக்கம் வந்தது. அப்பாவின் முதுகை அவன் பார்த்திருப்பான். பாக்கியராஜுக்கு அது முதுகிலேயே தெரிந்தது. வராமல் இருந்தபோதாவது வேலை இருந்தது என்று சொல்லிக்கொள்ளலாம். வந்து, டிக்கெட் எடுத்து, முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பதற்கு என்ன சொல்வது? திரும்பிவிடலாமா என்று நினைக்கும்போதெல்லாம் சவேரியார் நினைவுக்கு வந்தார்.

முடிகிற நேரம். எதிர்ப்பக்கம் திடீரென்று ஒரே ஆரவாரம், பிறகு அமைதி.

"என்ன ஆத்தா?" என்றார் பாக்கியராஜ்.

பேச்சாயி கடலை உரிப்பதை நிறுத்தினாள்.

"பந்தத் தரையில வச்சிருக்காய்ங்க. மத்தவன் பூராம் வெலகிப் போயிட்டான். ஒம்மவன் மட்டும் தனியா நிக்கான்."

பெனால்டி. கருப்பணன் பாக்கியராஜின் கையை இறுகப் பிடித்தார். பாக்கியராஜ் அந்தக் கையை விலக்கினார். தனியா நிக்கான் என்ற சொல் காதில் விழுந்த பிறகு நேர்ச்சை எல்லாம் அவருக்கு எட்டாத தூரத்துக்குப் போய்விட்டது. எழுந்து, திரும்பி நின்றார். பேருந்தின் முன்படியில் நின்று கத்துகிற அதே குரலில் "ஏலே பிராங்க்ளின், நான் பாக்கேன்டா" என்றார்.

பிராங்க்ளின் ஒரு கணம் தலையைத் திருப்பினான். பிறகு பந்தைப் பார்த்தான். கரூர்க்காரன் இடப்பக்கம் அடித்தான். பிராங்க்ளின் அந்தப் பக்கமே பாய்ந்து, பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மண்ணில் புரண்டான்.

கோப்பை கொடுத்து முடிந்ததும் மகன் கையுறையோடு படியேறி வந்தான். பாக்கியராஜ் எல்லாவற்றையும் சொன்னார். வெட்கம் என்ற சொல்லை மட்டும் இருவரும் எடுக்கவில்லை. பிராங்க்ளின் கையுறையைக் கழற்றினான்.

"இம்புட்டு வருசமும் இதுக்குத்தானா?"

"அதுக்குத்தாம்ப்பா. இப்பப் பாத்தேல்ல, எங் கண்ணுல ஒண்ணும் இல்ல. எல்லாம் மடத்தனம். பாய், கேட்டீங்களா? எல்லாரும் இனிமே தைரியமா வாங்க."

பாரூக்கின் முகத்தில் ஒரு துளி சந்தேகமும் இல்லை.

"அது எப்படி அண்ணே? நீங்க ஒருத்தர் திரும்பினீங்க, நாங்க இத்தனை பேரு திரும்பாம பிடிச்சு நின்னோம். அதனாலதான தப்பிச்சோம்?"

சுற்றியிருந்தவர்கள் ஆமோதித்தார்கள். கணக்கு அவர்களுக்குப் பளிச்சென்று விளங்கிவிட்டது. செக்கர் அப்பன், மகன் ஆட்டத்தைப் பார்க்கட்டும், அவரைத் தடுப்பது பாவம். அவர் கண் செய்யும் கெடுதலை மற்றவர்கள் சேர்ந்து ஈடுகட்டினால் போதும். அவர் ஒருவர் பார்க்க வேண்டுமானால் ஊர் பார்க்கக் கூடாது.

அடுத்த பருவத்திலும் விடிவெள்ளி ஜெயித்தது. வெளியூர் அணிகள் வேன் பிடித்துக் கூட்டத்தோடு வந்து, உள்ளூர்ப் படிகளில் ஒரே ஒரு மனிதர் நின்று ஊருக்கே சேர்த்துக் கத்துவதைப் பார்த்து அதிசயித்தன. குஜிலியம்பாறை வண்டியில் மட்டும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நிற்க இடம் இருக்காது.