பட்டு இழுக்காத கை

பட்டுக்கு எண்ணெயும் ஆகாது, சொரசொரப்பும் ஆகாது. இதை எனக்குப் பள்ளிக்கூடத்தில் ஒருவரும் சொல்லித் தரவில்லை. பள்ளிக்கூடம் என்னைப் பிடித்து வைத்திருந்த காலமும் கொஞ்சந்தான். இது நான் என் மாமாவின் இரண்டு உள்ளங்கைகளையும் பார்த்துப் பார்த்துப் படித்த படிப்பு. அதனால்தான் இன்றைக்கும் மறக்கவில்லை.

மாமா என்றால் அம்மாவின் ஒரே தம்பி. கொட்டாஞ்சேனையில், எல்லோருக்கும் பொதுவாக ஒரு பைப் உள்ள, தோட்டம் என்று சொல்லும் குடியிருப்பில், வரிசை வீடுகளில் ஒன்றில் எங்களோடு இருந்தார். கொழும்பில் டிராம் வண்டி ஓடிக்கொண்டிருந்த காலம். அப்பாவைப் போலவே மாமாவுக்கும் துறைமுகத்தில்தான் வேலை. மூட்டை தூக்குவார், வடம் இழுப்பார். ஒருநாள் வடம் கையை மீறி இழுத்ததில் தோள்மூட்டு இறங்கிவிட்டது. கட்டுப்போட்ட வைத்தியர், இனிப் பாரம் தூக்கவே கூடாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

பாரம் தூக்காதவனுக்குத் துறைமுகத்தில் என்ன வேலை? பல நாள் வீட்டிலிருந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அப்பா யாரையோ பிடித்து, வெள்ளவத்தையில் ஒரு புடவைக்கடையில் சேர்த்துவிட்டார். மாமா பேச்சுக்காரர். இடுப்பில் கட்டச் சாரம் வாங்க வந்தவருக்குச் சாரத்தோடு பெட்சீட்டையும் விற்றுவிடுவார். முதலாளிக்குப் பிடித்துப்போயிற்று. என் மாமாவை ஒருவருக்குப் பிடிக்காமல் போனால் அது அந்த ஆளின் குறையாகத்தான் இருக்கும்.

கூட்டமான ஒரு நாள், பட்டுப் பக்கத்தில் நில்லும் என்று முதலாளி அவரைக் கூப்பிட்டிருக்கிறார். மகளுக்குக் கலியாணச் சேலை எடுக்க வந்த ஒரு தாய். மாமா சேலையை விரித்து, வழக்கம்போல் பேசிப் பேசி, கரையை உள்ளங்கையால் தடவிக் காட்டினார். சர்ர்ர் என்று ஒரு சத்தம். கையோடு இழையும் வந்துவிட்டது. அடுத்த சேலையை விரித்தார். அதிலும் அதே சத்தம். அந்த அம்மா மகளை எழுப்பிக்கொண்டு பக்கத்துக் கடைக்குப் போய்விட்டார்.

முதலாளி கத்தவில்லை. கடை பூட்டும்போது, "தம்பி, உமக்கு நல்ல வாய் இருக்கு, ஆனால் கை துறைமுகத்தில நிக்குது. தீபாவளிக்கு முன்னம் அதையும் கூட்டிக்கொண்டு வாரும். ஏலாதெண்டால் சொல்லும், சாரம் மடிக்க என்னட்ட வேற ஆக்கள் இருக்கினம்" என்றாராம்.

மாமா வந்து அதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அம்மா சிரிக்கவில்லை. அவருடைய கையை விளக்கடியில் பிடித்துப் பார்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன். விரல் அடியெல்லாம் காய்ப்பு. காய்ப்பைச் சுற்றி வெடிப்பு. வெடிப்புக்குள் தார்க் கறுப்பு.

"பிளேட்டால சீவி விடு, ஒரு நிமிச வேலை" என்றார் அப்பா.

ஆம்பிளைகளுக்கு எல்லாம் ஒரு நிமிச வேலை. மாமா பைப்படிக்குப் போய், பிளேட்டால் சீவி, போதாதென்று செங்கல்லாலும் உரசிக்கொண்டு வந்தார். கையெல்லாம் இரத்தம். காய்ந்த பிறகு வெட்டிய ஓரமெல்லாம் முள்ளுப்போல் நின்றது. முன்பு பட்டுத்தான் மாட்டியது, இப்போது பருத்தியும் மாட்டியது. அம்மா அதைப் பார்த்துவிட்டு விடியற்காலையில் அவர் கை நிறையத் தேங்காய் எண்ணெய் தேய்த்து அனுப்பினார். பின்னேரம் திரும்பி வந்த மாமாவின் முகம் சரியில்லை. வெள்ளை வொயில் சேலை ஒன்றில் அவருடைய ஐந்து விரலும் பதிந்துவிட்டதாம். முதலாளி அவரைச் சாரப் பக்கத்திலிருந்தும் எடுத்து, வாசலில் நின்று ஆட்களைக் கூப்பிடும்படி விட்டுவிட்டார்.

"அக்கா, அடுத்தது றோட்டுத்தான்" என்றார் மாமா.

அம்மா அன்றைக்கு அடுப்படியில் சோற்றுக் கஞ்சியை வடித்து வைத்தார். பிறகு எழுந்து வந்து, இனி அப்பா சொல்வதைக் கேட்க வேண்டாம், தான் சொல்வதை மட்டும் கேட்டால் போதும் என்றார். அந்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு ஒழுங்கு வந்தது. மாமா வேலையால் வந்ததும் இளஞ்சூடான கஞ்சித்தண்ணியில் கையை ஊறவிட வேண்டும். ஊறிய பிறகு, அம்மா குதிக்கால் தேய்க்கும் கல்லால் மெல்ல, பிள்ளைக்கு முதுகு தேய்ப்பதுபோல் தேய்க்க வேண்டும். பிறகு சீனியும், எலுமிச்சை போன்ற தேசிக்காயின் புளியும். கழுவித் துடைத்தபின்தான் எண்ணெய். எண்ணெய் காயாமல் இருக்க, கோதுமை மாப்பையைக் கிழித்து அம்மா தைத்த இரண்டு உறைகளுக்குள் கையை விட்டு மணிக்கட்டில் கட்டிவிடுவார். விடிந்ததும் பாசிப்பயற்றை இடித்த பயற்றம்மாவால் கழுவி, எண்ணெயை முழுக்க எடுத்துவிட்டுத்தான் பஸ் ஏறலாம். உடுப்புத் தோய்க்கிற சவுக்காரத்தைத் தொடவே கூடாது. விறகு கொத்துவது, வாளி தூக்குவது எல்லாம் அம்மா தன் தலையில் எடுத்துக்கொண்டார்.

உறை கட்டிய மாமாவால் ஒன்றும் செய்ய முடியாது. வாயில் சோறு தீத்துவது என் வேலை. மூக்குச் சொறிவதும் என் வேலை.

"பிள்ளை, இடப்பக்கம். இன்னும் மேல. ஐயோ, அது கண்!"

"ஆடாமல் இருங்கோ மாமா. ஆடினால் குழம்பு இல்லாமல்தான் தருவன்."

அவருடைய துறைமுகக் கூட்டாளிகள் இரண்டு பேர் ஒருநாள் பார்க்க வந்தவர்கள் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். "என்ன மச்சான், கைக்குச் சட்டை தைச்சுப் போட்டிருக்கிறாய்? வளையலும் வாங்கிக்கொண்டு வரட்டே?"

"வாங்கிக்கொண்டு வா. உன்ர மனுசி சீலை எடுக்க வரேக்க அவவுக்கே போட்டு விடுறன்" என்றார் மாமா. அவர்கள் போன பிறகு உறைக் கையைப் பாய்க்கு அடியில் வைத்துக்கொண்டு இருந்தார்.

அப்பாவும் சும்மா இருக்கவில்லை. "எனக்குக் கலியாணம் நடந்த அண்டைக்குக்கூட இவ்வளவு சீராட்டு இல்லை" என்று சொல்லிக்கொண்டே திரிந்தார். ஆனால் சீனியும் தேசிக்காயும் மிஞ்சிய கோப்பையை அவர் பைப்படிக்குக் கொண்டுபோய்த் தன் கையில் தேய்த்ததை நான் கண்டேன். நான் கண்டதை அவரும் கண்டார்.

கை நன்றாக வருகிறதா இல்லையா என்று எப்படித் தெரிவது? கன்னத்தில் வைத்துப் பார்த்தால் மெத்தென்றுதான் இருந்தது. அம்மாவுக்கு அது போதவில்லை. ஒரு விடியற்காலை, மாமா கை கழுவித் துடைத்து நின்றபோது, டிரங்குப் பெட்டியைத் திறந்து தன் கலியாணக் கூறைச்சேலையை எடுத்துவந்து கட்டிலில் விரித்தார். எங்கள் வீட்டில் இருந்த ஒரே பட்டு அது.

மாமா ஒரு அடி பின்னால் போய்விட்டார். "வேண்டாம் அக்கா. இது வேண்டாம்."

"பட்டில தடவினால்தானே பட்டுக்குச் சரியோ எண்டு தெரியும். தடவு."

"வேற ஏதாவது..."

"வேற என்ன இருக்கு இந்த வீட்டில? பஸ் போகப்போகுது, தடவடா."

மாமா கண்ணை மூடிக்கொண்டு தடவினார். சர்ர்ர்.

"இழுத்திட்டுது!" என்று நான் துள்ளினேன். இழுபட்ட இழையைக் கண்டுபிடித்து விரலால் காட்டுவது எனக்குக் கிடைத்த வேலை. அம்மா ஊசி நுனியால் அதைப் பின்பக்கம் தள்ளிவிடுவார். அதன்பிறகு ஒவ்வொரு காலையும் அதே விளையாட்டு. முதலில் இடுப்புக்குள் செருகும் பக்கம், அது மறைவுதானே என்று அம்மா சொன்னார். அங்கே நல்ல இடம் இல்லாமல் போனதும் கொஞ்சம் கொஞ்சமாக வெளிப்பக்கம் வந்தார்கள். இழை இழுபடாத நாட்களில் எனக்கு உண்மையில் ஏமாற்றந்தான். அப்படிப்பட்ட நாட்கள் கூடிக்கொண்டே வந்தன. தீபாவளி நெருங்கியபோது ஒருநாள் அம்மா, சரிகை போட்ட முந்தானையை எடுத்து மேலே விரித்தார். மாமா அம்மாவைப் பார்த்தார். பிறகு உள்ளங்கையை வைத்து, ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு இழுத்தார். நான் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். ஒரு சத்தமும் இல்லை.

"இண்டைக்குப் போய் முதலாளியிட்டக் காட்டு" என்றார் அம்மா.

முதலாளி மாமாவின் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பட்டு அலுமாரிச் சாவியை அதில் வைத்தாராம். அந்தத் தீபாவளிக்கு மாமா விற்றதுபோல் அந்தக் கடையில் ஒருவரும் விற்கவில்லை. நான் பெருமைக்குச் சொல்லவில்லை. பெருமைக்குச் சொன்னாலும் என்ன, உண்மைதானே.

பண்டிகை முடிந்ததும் முதலாளி அவருக்கு ஒரு பட்டுச்சேலை கொடுத்தார். மயில்கழுத்து நிறம். மாமா பஸ்ஸிலிருந்து இறங்கியதும் நேரே வந்து, கையைக் கழுவித் துடைத்துவிட்டு அதை அம்மாவின் மடியில் வைத்தார். அப்பாகூடத் தொட்டுப் பார்த்தார். எனக்கு உடனே ஒரு யோசனை வந்தது. டிரங்குப் பெட்டியைத் திறந்து கூறைச்சேலையை இழுத்தெடுத்தேன். இனி அது எதற்கு? உள்ளும் வெளியும் இழை இழுபட்டு, பூனை பிராண்டியதுபோல் இருந்தது.

"அம்மா, இந்தப் பழசை எனக்குத் தாங்கோ. பாவைப்பிள்ளைக்குச் சீலை வெட்டுறன்."

அம்மா என் கையிலிருந்து அதை வாங்கி மடித்தார். "அது எனக்கு வேணும் பிள்ளை."

"இதைப் போய்க் கட்டுவீங்களோ? ஆக்கள் சிரிப்பினம்."

"ஒருநாள் கட்டிவிடுவினம்."

"ஆர் கட்டிவிடுறது? உங்களுக்குக் கட்டத் தெரியாதே?"

அம்மா நல்ல பக்கம் மேலே வரும்படி மடிப்பைத் திருப்பிக்கொண்டிருந்தார். தாலி ஏறுகிற நாளில் உடுத்த கூறை, புருஷனுக்கு முன்னால் கண்மூடும் பாக்கியம் கிடைத்தால் ஊரே பார்த்திருக்கக் கடைசியாக இன்னொருமுறை உடம்பில் ஏறும் என்பதை எட்டு வயதுப் பிள்ளைக்கு யார் சொல்வார்கள்? மாமாவுக்கு அது தெரியும். அவர் எழுந்து வெளியே போனார். நானும் பின்னால் போனேன். பைப்பைத் திறந்துவிட்டு, தண்ணீருக்குக் கீழே இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றார்.

"மாமா, நீங்கள் இப்பதானே கை கழுவினீங்கள்?"

அவர் உள்ளங்கையை உள்ளங்கையோடு உரசிக்கொண்டே இருந்தார். வெறும் தண்ணீரில் கழுவுகிறாரே, மறந்துபோனார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, நான் உள்ளே ஓடிப்போய் ஒரு பிடி பயற்றம்மா அள்ளிக்கொண்டு வந்தேன்.